மின்நூலும் வீட்டு அலமாரியும்

தில்லி மாநகரின் தென்மேற்குப் புறத்தே துவாரகா என்றோர் உபநகரம் விரிந்து கிடக்கிறது. முன்னாளில் அப்பகுதி பப்பன்கலான் என வழங்கிற்று. தில்லி வளர்ச்சி ஆணையம் அதனைச் செக்டர் செக்டராக வகுத்து அமைத்தது. கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் வரிசை வரிசையாக அடுக்குமாடிகளை எழுப்பின. 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ ரயில் துவாரகாவை நகரின் நடுப்பகுதியோடு இணைத்தது. கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் சரோஜினி நகரிலும் வாழ்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பணி ஓய்வுக்குப் பின் சொந்த வீடு தேடி இங்கு வந்து சேர்ந்தன. அக்குடும்பங்களோடு அவர்தம் புத்தகங்களும் வந்தன.

அப்புத்தகங்கள் எளிதில் வந்தவை அல்ல. சென்னையிலும் மதுரையிலும் கும்பகோணத்திலும் விடுமுறைதோறும் வாங்கி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் சுமந்து கொணர்ந்தவை. அரசாங்கக் குடியிருப்பு மாறும்போதெல்லாம் தேயிலைப் பெட்டிகளில் அடைத்துக் கட்டப்பட்டவை. வேனிற்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் ஆந்திப் புழுதியும், மழைக்காலத்து ஈரமும், இராமபாணப் பூச்சியும் ஆண்டுக்கு ஆண்டு அவற்றின்மீது தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் பேரக்குழந்தைகளுக்கு இடம் வேண்டும் என்னும் நாள் வருகிறது. அலமாரியை அகற்றலாமா என்ற பேச்சு எழுகிறது. பழைய காகிதத்தைக் கிலோக் கணக்கில் எடுத்துச் செல்லும் கபாடிக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போகிறார். அந்நேரத்தில் மகனோ மருமகளோ, “இவ்வளவு புத்தகமும் ஒரு கையகலக் கருவிக்குள் அடங்கிவிடுமே, அதை வாங்கிக்கொள்ளலாமே” என்கிறார்கள்.

இந்த யோசனையை ஏற்கலாமா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் பொருள். கருவியைப் பழிப்பதும் நம் நோக்கம் அன்று. அதனை வானளாவப் புகழ்வதும் நம் வேலை அன்று. அதை வாங்கும் இல்லம் எதைப் பெறுகிறது, எதைக் கைவிடுகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

மின்நூல் படிப்பான் என்று நாம் குறிப்பது கைப்பேசியையோ, பலகைக் கணினியையோ அன்று. அவற்றின் திரை ஒளியை உமிழ்ந்து எழுத்தைக் காட்டுகிறது. படிப்பானின் திரையோ காகிதத்தைப் போலத் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பியே எழுத்தைக் காட்டுகிறது. அத்திரையில் மயிரிழைப் பருமனே உள்ள நுண்ணிய உறைகள் இலட்சக் கணக்கில் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிந்த ஒரு திரவமும், அதில் மிதக்கும் வெண்துகள்களும் கருந்துகள்களும் உள்ளன. வெண்துகளுக்கு ஒருவகை மின்னேற்றம், கருந்துகளுக்கு அதற்கு எதிரானது. அடியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே அமிழும். கருமை மேலெழுந்த இடம் எழுத்தாகிறது. வெண்மை மேலெழுந்த இடம் தாளாகிறது. துகள்கள் ஒருமுறை இடம்பெற்றுவிட்டால் அப்படியே நிற்கும். அடுத்த பக்கம் புரட்டும்வரை மின்சாரம் வேண்டியதில்லை. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்க முடிவதன் காரணம் இதுவே. வெட்டவெளி வெயிலிலும் எழுத்து மங்காமல் தெரிவதற்கும் காரணம் இதுவே. மாலையில் படிப்போருக்காகத் திரையின் ஓரத்தில் சிறு விளக்குகளும் இப்போது வைக்கிறார்கள்.

இந்த மின்மையைச் செய்யும் நிறுவனம் அமெரிக்காவில் மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்விலிருந்து 1997இல் பிறந்தது. 2004இல் ஜப்பானில் சோனி நிறுவனம் அதனைக் கொண்டு முதற்கருவியை விற்பனைக்கு விட்டது. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் வந்தது. இன்று நம் வீடுகளில் எந்தக் கம்பெனியின் படிப்பானையும் ‘கிண்டில்’ என்றே சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் நகலெடுக்கும் எந்த எந்திரத்தையும் ‘ஜெராக்ஸ்’ என்றது போல.

துவாரகாவில் வாழும் தமிழருக்கு இக்கருவியால் கிடைக்கும் முதல் நன்மை, தூரம் அழிவது. தலைநகரில் தமிழ் நூல் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லிவிட முடியாது. 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்திற்கு ராமகிருஷ்ணபுரத்தில் நூலகம் இருக்கிறது. ரவீந்திர பவனத்தில் சாகித்திய அக்காதெமியின் பன்மொழி நூலகம் இருக்கிறது. 1951இல் யுனெஸ்கோவின் துணையோடு தொடங்கிய தில்லி பொது நூலகம், நாட்டில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. பிரகதி மைதானத்துப் புத்தகத் திருவிழாவிலும் தமிழ்ப் பதிப்பகத்தார் சிலர் கடை விரிப்பதுண்டு. ஆயினும் முழங்கால் வலியுள்ள ஒருவர் துவாரகாவிலிருந்து புறப்பட்டு, வண்டி மாறி, படியேறி இறங்கி, ஒரு நாவலுக்காக ராமகிருஷ்ணபுரம் போய்வருவது எளிதன்று. சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்தாலோ, விலை குறைந்த நூலுக்குத் தபால் செலவே கனத்துப்போகிறது.

2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தன் மின்நூல் அங்காடியில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடம் அளித்தது. அது முதல் தமிழ் நூல்கள் அவ்வழியில் பெருகிவந்துள்ளன. அச்சில் இல்லாமற் போன பல நூல்களை எழுத்தாளர்கள் தாமே மின்நூலாக்கி வெளியிட்டனர். பதிப்பகத்தார் மறுபதிப்புப் போடத் தயங்கிய சிறுகதைத் தொகுதிகளும் பயண நூல்களும் இங்கே மறுவாழ்வு பெற்றன. இரவு பத்து மணிக்கு ஒரு நூலின் பெயரைக் கேள்விப்பட்டவர் பத்தேகால் மணிக்கு அதன் முதல் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். இவ்வசதி சென்னைவாசிக்குச் சிறு சௌகரியம். வடக்கே வந்து குடியேறியவருக்கோ அது பெரிய விடுதலை.

விலை கொடுத்து வாங்குவன ஒருபுறம் இருக்க, விலையின்றிக் கிடைப்பனவே நம் கணிப்பில் இன்னும் பெருஞ்செல்வம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கிற்று. உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் தத்தம் ஓய்வு நேரத்தில் சங்க நூல்களையும் காப்பியங்களையும் பக்தி இலக்கியத்தையும் எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்தனர். கூலி பெறாத உழைப்பு அது. 2013இல் தோன்றிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ என்னும் முயற்சி, இக்கால எழுத்தாளர்கள் மனமுவந்து அளிக்கும் நூல்களைப் படிப்பான்களுக்கு ஏற்ற வடிவில் ஆக்கித் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தன் மின்நூலகத்தைத் திறந்து, அரிய பழைய பதிப்புகளின் படங்களைப் பொதுமக்களுக்கு அளித்தது.

இச்செல்வம் பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுச்சொத்தாகும் என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். அதற்கும் முன்பே நூல்களை நாட்டுடைமையாக்கும் நல்வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. பாரதியாரின் நூலுரிமையை 1949இல் சென்னை அரசாங்கம் விலைக்கு வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கிற்று. அதன்பின் எத்தனையோ எழுத்தாளரின் நூல்களுக்கு இவ்வாறே அரசாங்கம் அவர்தம் குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை வழங்கிப் பொதுவுடைமை ஆக்கியுள்ளது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் அச்சில் இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும். மெட்ரோ வண்டியில் ராஜீவ் சௌக் வரை நின்றுகொண்டே பயணம் செய்யும் இளைஞர், ஒரு கையால் மேற்பிடியைப் பற்றி, மறு கையில் அவ்வைந்து பாகத்தையும் ஏந்திப் படிக்கலாம். கருவியின் எடை ஏறத்தாழ 200 கிராம்தான்.

ஆனால் இளைஞரைவிட முதியவருக்கே இக்கருவி பெருந்துணை என்பது நம் கருத்து. மகன் தில்லியில் பணிபுரிகிறான் என்பதற்காக ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த தாய்மார்கள் துவாரகாவில் உள்ளனர். ஹிந்தி அவர்களுக்குப் பழக்கமில்லை. லிஃப்டில் எதிர்ப்படுவோர் நகைமுகத்தோடு சொல்லும் ஒரு வார்த்தைக்கு மறுமொழி சொல்ல வராது. பகல் முழுவதும் வீட்டில் தனிமை. தமிழில் படிப்பதொன்றே அவர்கள் ஊரில் கைக்கொண்டிருந்த துணை. அதுவும் கண்புரையும் வயதும் சேர்ந்து சிறிய அச்செழுத்தைக் கலைத்துவிட்டபின் நின்றுபோகிறது. பெரிய எழுத்து அச்சுப் புத்தகங்கள் என்று நம்மிடையே இருப்பவை பெரும்பாலும் பழைய கதைப்பாடல்களும் தோத்திர நூல்களுமே. நாவலையும் கட்டுரையையும் பெரிய எழுத்தில் அச்சிடுவார் அரியர். படிப்பானிலோ எந்த நூலையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கனமான தொகுதியை நெஞ்சின்மேல் தாங்கவேண்டியதில்லை. பத்தாண்டுகளாகப் படிக்காதிருந்த ஒருவர் மீண்டும் படிக்கத் தொடங்குவார் என்றால், அந்த ஒரு பயனுக்காகவே கருவியின் விலையைக் கொடுக்கலாம்.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருவியின் கட்டளைகள் யாவும் ஆங்கிலத்தில் இருக்கப் பழகிவிட்டோம். கணக்குத் தொடங்குவதும், நூல் வாங்குவதும், தவறுதலாக எதையோ தொட்டுவிட்டால் மீண்டும் விட்ட பக்கத்திற்கு வருவதும் அம்முதிய கைகளுக்குப் பழகாதவை. ஆகவே கருவியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை அருகமர்ந்து அடுத்த நூலை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் அது மேசை அறைக்குள் உறங்கும்.

இனித் தமிழுக்கே உரிய சில இடர்களைக் காண்போம். பழைய கருவிகளில் தமிழ் எழுத்துகள் உரியவாறு சேர்ந்து நிற்பதில்லை. ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் அதற்குரிய மெய் வேறோரிடத்திலும் நின்று, ‘கொ’ என்பது மூன்று துண்டாகக் காட்சியளிக்கும். இக்காரணத்தாலேயே ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தொண்டர்கள் ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த தனிக்கோப்பு ஒன்றையும் ஒவ்வொரு நூலுக்கும் செய்து வைத்தனர். வாங்குவோர் தம் கருவியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தபின் வாங்குவது நலம். பழைய பதிப்புகளைப் படம்பிடித்து வைத்த கோப்புகளோ சிறு திரைக்கு ஏற்றவையல்ல. பெரிய தாளில் அச்சான ஒரு பழம்பதிப்பை ஆறு அங்குலத்தில் சுருக்கிப் பார்த்தால் எறும்பு ஊர்ந்தாற்போலத் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இழுத்து இழுத்து அலைய வேண்டும். அவற்றுக்குக் கணினியே ஏற்றது.

செய்யுளின் நிலை இன்னும் கவலைக்குரியது. குறட்பா என்றால் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். அந்த வடிவம் கண்ணுக்குத் தெரிந்தாலன்றிப் பாதி இன்பம் போய்விடும். எழுத்தைப் பெரிதாக்கியவுடன் நான்காம் சீர் கீழே இறங்கி, இரண்டடி மூன்றடியாகவோ நான்கடியாகவோ உருமாறுகிறது. நெடிய விருத்தமோ அடியெது, மடிப்பெது என்று அறியாதபடி சிதறிப்போகிறது. உரையோடு படிப்பதும் அவ்வளவே கடினம். பரிமேலழகர் உரையைக் கற்போர் மூலத்திற்கும் உரைக்கும், இந்தக் குறளுக்கும் முன்வந்த குறளுக்கும் விரலை இடையிட்டுக்கொண்டு மாறி மாறிப் புரட்டுவர். படிப்பானில் விரலை இடையிட இடமில்லை. நாவல் படிக்க அது நல்லது. செய்யுள் கற்க அச்சுநூலே நல்லது என்று தயங்காமல் சொல்லலாம்.

அறிஞர்கள் இதனை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஒரு திரட்டாய்வு, அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. செய்தி சொல்லும் நூல்களைத் திரையைவிடத் தாளில் படித்தவர்களே நன்கு விளங்கிக்கொண்டனர் என்றும், நேரக் கட்டுப்பாடு இருந்தபோது இவ்வேறுபாடு மிகுந்தது என்றும், கதை படிப்பதில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்றும் அது கண்டது. அதில் பெரும்பகுதி கணினித் திரை பற்றியது. 2019இல் நார்வே நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர் ஆன் மாங்கன் குழுவினர் கிண்டிலையே எடுத்து ஆராய்ந்தனர். ஒரு துப்பறியும் சிறுகதையை 50 பேரில் பாதிப்பேர் அச்சிலும் பாதிப்பேர் கிண்டிலிலும் படித்தனர். கதையைப் புரிந்துகொள்வதில் இரு சாராரும் பெரும்பாலும் சமமாகவே இருந்தனர். ஆனால் எந்த நிகழ்ச்சி முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதை அச்சில் படித்தவர்கள் செம்மையாகச் சொன்னார்கள். இடக்கையில் தாள் தடித்து வலக்கையில் மெலிந்துவருவதைக் கையும் ஒருவாறு அறிந்து நினைவில் வைக்கிறது போலும்.

இதுவரை நாம் பேசியது படிப்பதைப் பற்றி. உடைமை என்பது வேறு. இவ்விடத்தில்தான் வாங்குவோர் கவனமாக இருக்க வேண்டும்.

கடையில் காசு கொடுத்து ஒரு புத்தகத்தை வாங்கினால் அது நம்முடையது. அடுத்த வீட்டாருக்கு இரவல் தரலாம்; அது திரும்பி வருவது வேறு விஷயம். பழைய புத்தகக் கடையில் விற்கலாம். தரியாகஞ்சில் ஞாயிறுதோறும் நடைபாதையில் விரிந்து, 2019 முதல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய பழைய புத்தகச் சந்தையே அந்த உரிமையின்மேல் எழுந்தது. மகளுக்குச் சீதனத்தோடு கொடுக்கலாம். மின்நூல் அங்காடியில் பணம் கொடுத்துப் பெறுவதோ நூலன்று, அதைப் படிக்கும் அனுமதி. ஒப்பந்த வாசகத்தைப் பொறுமையாகப் படித்தால், உள்ளடக்கம் விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்றும், அதனைப் பிறருக்கு மாற்றலாகாது என்றும் எழுதியிருக்கும். மாதச் சந்தா கட்டிப் படிக்கும் திட்டத்திலோ சந்தா நின்ற அன்றே அலமாரி காலியாகும்.

இது வெறும் ஏட்டுச்சட்டம் என்று எண்ணற்க. 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில ஆசிரியரின் இரு நூல்களை விற்பதற்கு உரிமையில்லாத ஒருவர் கிண்டில் அங்காடியில் சேர்த்துவிட்டார் என்று தெரியவந்தது. வாங்கியிருந்தோரின் கருவிகளுக்குள்ளிருந்தே அந்நூல்களை அமேசான் தொலைவிலிருந்தபடி அழித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அவற்றுள் ஒன்று, பழைய செய்திகளை அரசாங்கமே அழித்து எழுதும் நாட்டைப் பற்றிய நாவல் என்பது எவரும் கற்பனை செய்யாத பொருத்தம். பாடத்திற்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்நூல் கடையையே மூடிற்று. அங்கு வாங்கிய நூல்கள் அனைத்தும் திறக்கவொண்ணாமற் போயின. விலையைத் திருப்பித் தந்தனர். ஓரத்தில் குறிப்பெழுதியிருந்தோருக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தனர். குறிப்புகளுக்கு அதுதான் மதிப்பு என்று கொண்டார்கள் போலும்! 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி ஒரு படி எடுத்துவைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது.

இரவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் நாவல்கள் நம் நாட்டில் பரவியதே இரவலால்தான். வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த தொகுதிகள் ஒரு தெருவையே சுற்றிவந்த காலம் உண்டு. மின்நூலில் அந்தச் சுற்று இல்லை. தாய்க்கும் மகளுக்கும் இரு கணக்குகள் என்றால் ஒரே நூலை இருவரும் இருமுறை வாங்க நேர்கிறது.

எனவே அச்சே நிலையானது, மின்நூல் நிலையற்றது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பொருந்தாது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சேறுவதற்கு முன்னும், அதன்பின் நெடுங்காலமும், நம் நூல்கள் பனையோலையிலேயே வாழ்ந்தன. ஓலை சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப் போகும். எவரேனும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினால் நூல் பிழைக்கும், எழுதாவிட்டால் மறையும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, சிதைந்த ஏடுகளைத் திரட்டி, 1887இல் ‘சீவக சிந்தாமணி’யையும் 1892இல் ‘சிலப்பதிகார’த்தையும் 1894இல் ‘புறநானூ’ற்றையும் பதிப்பித்தார். படியெடுப்பார் இல்லாமல் அழிந்த ஏடுகளை எண்ணி அவர் வருந்தி எழுதியிருக்கிறார். காகிதமும் தீக்கு இரையாகும். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும், அவற்றோடு வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. 2005இல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காக்க ‘நூலகம்’ என்னும் திட்டம் தோன்றியபோது, அத்தீயின் நினைவு அதைத் தொடங்கியவர்களுக்குத் தொலைவில் இருந்திருக்க இயலாது.

ஆகவே நூலைக் காப்பது படிகளின் பெருக்கமேயன்றி ஓலையோ தாளோ திரையோ அன்று. மின்கோப்பும் ஓலையைப் போன்றதே. காலத்துக்குக் காலம் பெயர்த்தெழுத வேண்டும். 1990களில் கணினியில் ஏற்றிய தமிழ், பல்வேறு குறியீட்டு முறைகளில் சிதறிக் கிடந்தது. ஒரு முறையில் எழுதியது இன்னொன்றில் பொருளற்ற கிறுக்கலாகத் தெரியும். தமிழ்நாடு அரசாங்கம் 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. மதுரைத் திட்டத்தார் தம் பழைய கோப்புகளையெல்லாம் புதிய குறியீட்டுக்கு மாற்றி எழுதினர். அவர்களால் அது முடிந்தது; ஏனெனில் அக்கோப்புகள் பூட்டப்படாதவை. பூட்டிய கோப்பைப் பெயர்த்தெழுத உரிமை இல்லை. பெயர்த்தெழுத இயலாத ஏட்டுக்கு என்ன கதி என்பதை ஐயரவர்களின் வாழ்க்கையே சொல்லும்.

இதனால் நாம் துவாரகா நண்பர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்று. படிப்பானை வாங்கினால், முதலில் அதில் பூட்டில்லாத நூல்களை நிரப்புங்கள். மதுரைத் திட்டத்திலும் பிறவற்றிலும் எடுத்த கோப்புகளைக் கருவியில் மட்டும் வைக்காமல், கணினியில் ஒரு படியும் தனி வட்டில் ஒரு படியும் வைத்திருங்கள். விலைக்கு வாங்கும் நூலை, ஒருமுறை படித்து மகிழ்ந்து விட்டுவிடத்தக்கது என்று தோன்றினால் மின்நூலாக வாங்குங்கள். பத்தாண்டு கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் அச்சில் வாங்குங்கள். வரியைக் கருதினாலும் அச்சுநூலுக்கு வரியில்லை. அச்சுவடிவம் உள்ள மின்நூலுக்கு இருந்த 18 சதவிகித வரி 2018இல் 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டதே அல்லாமல் நீக்கப்படவில்லை. கருவியின் விலையே 10,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு மூன்று நான்கு நூல் படிப்பவர் அதை வாங்குவது வீண்செலவு. மாதம் மூன்று நான்கு படிப்பவருக்கு இரண்டாண்டில் ஈடாகிவிடும்.

அலமாரியின் கேள்வி எஞ்சியிருக்கிறது. இதில் நாம் சற்று அழுத்தமாகவே பேச விரும்புகிறோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. துவாரகாவுக்கு அண்மையில் ஜனக்புரியில் ஒன்று உண்டு. அங்குப் படிக்கும் குழந்தைகள் தமிழெழுத்தைக் கற்கின்றனர். பிற பள்ளிகளுக்குப் போகும் குழந்தைகளோ தமிழைக் காதால் அறிவர், கண்ணால் அறியார். அவர்களுக்குத் தமிழெழுத்து தென்படும் இடம் வீட்டில் இரண்டுதான்: நாட்காட்டி ஒன்று, புத்தக அலமாரி மற்றொன்று. முதுகுப்புறத்து எழுத்தைப் பார்த்து “இது என்ன பாட்டி?” என்று ஒரு குழந்தை கேட்கும். பாட்டி எழுத்தைக் கூட்டிக் காட்டுவாள். அட்டைப்படத்து வீரன் யார், குதிரை எங்கே போகிறது என்று கதை தொடங்கும். படிப்பானில் ஆயிரம் நூல் இருந்தாலும், மூடிவைத்தால் அது ஒரு கரும்பலகை. படிப்பவர் மட்டுமே அறிவார், தாம் படிப்பது இன்னதென்று. பாட்டி படிப்பது தமிழா, மருமகள் படிப்பது ஆங்கிலமா, அல்லது எவரும் எதையும் படிக்கவில்லையா என்று குழந்தைக்குத் தெரிய வழியில்லை.

அதற்காக எல்லாப் புத்தகத்தையும் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. அலுவலகத் தேர்வுக்கு வாங்கிய பழைய விதிநூல்களும், ஒருமுறை படித்த மர்மக் கதைகளும், இரட்டைப் படிகளும் போகலாம். மின்வடிவில் எளிதில் கிடைக்கும் பொதுவுடைமை நூல்களிலும், தாள் ஒடியும் மலிவுப் பதிப்புகள் போகலாம். நிற்கவேண்டியவை சில: படமுள்ள குழந்தை நூல்கள், உரையோடு கூடிய செய்யுள் நூல்கள், ஓரத்தில் தாத்தா பென்சிலால் குறிப்பெழுதிய நூல்கள், இன்னும் மின்வடிவு பெறாத சிறு பதிப்புகள். இக்கடைசி வகையைக் கபாடிக்காரரிடம் போடுமுன் இருமுறை எண்ண வேண்டும். சிற்றூர் அச்சகத்தில் சில நூறு படிகளே அச்சிட்ட தலபுராணமோ, சங்க ஆண்டுமலரோ உலகில் எத்தனை எஞ்சியுள்ளன என்று எவரும் சொல்ல முடியாது. அத்தகையது கிடைத்தால் பக்கம் பக்கமாகக் கைப்பேசியாலாவது படம்பிடித்து, படத்தை மின்நூலகத் தொண்டர்களுக்கும் நூலைத் தமிழ்ச் சங்க நூலகத்திற்கும் அனுப்பிவைக்கலாம்.

எஞ்சிய நூல்களுக்கு வீட்டில் இடமில்லையெனில், அடுக்குமாடிச் சங்கக் கட்டடத்தைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பொது அறை ஒன்று உண்டு. ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுக் கூட்டத்திற்கும், எப்போதாவது பிறந்தநாள் விழாவுக்கும் திறக்கப்படுவது. அதன் ஒரு மூலையில் பூட்டில்லாத ஓர் அலமாரியை வைக்கச் செயலாளர் மறுக்கமாட்டார். ஒரு கட்டடத்தில் பத்துத் தமிழ்க் குடும்பம் இருந்தால், குடும்பத்திற்குப் பதினைந்து நூலாக நூற்றைம்பது நூல் சேரும். வங்காளியரும் மலையாளிகளும் தத்தம் தட்டைக் கேட்பார்கள், கொடுக்க வேண்டியதுதான்.